நம்பை அரேயை உரைக் கோப்பில் சேமிக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாக

பைதானில் கணக்கெல்லாம் முடிந்த பிறகு, நம்பை (எண் கணக்குகளுக்கான பைதான் நூலகம்) அரேயில் இருக்கும் எண்களை ஓர் உரைக் கோப்பில் எழுதி வைப்பது ஒரே ஒரு வரி வேலை: நம்பையின் சேவ்டெக்ஸ்டை அழைத்தால் போதும். அந்த ஒரு வரியில்தான் ஆளாளுக்கு மாட்டிக்கொள்கிறார்கள். கூடவே வேலை செய்கிறவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்ததில், எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது என்று ஒரு வரிசை கைக்கு வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டியவற்றை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். நிரலில் வழக்கமான எழுத்துக்கோர்வையையே போடுங்கள்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் நிரலைத் திருத்துவதற்கு முன் இரண்டு வேலை. ஒன்று, கோப்பைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்து முதல் மூன்று வரியையும் கடைசி வரியையும் பாருங்கள். எக்செலில் வேண்டாம், அது தன் இஷ்டத்துக்கு எண்ணை மாற்றிக் காட்டும். இரண்டு, சேமிக்கும் வரிக்கு நேர் மேலே அரேயின் ஷேப் (எத்தனை வரி, எத்தனை நெடுவரிசை), டிடைப் (உறுப்புகளின் வகை) இரண்டையும் பிரின்ட் செய்யுங்கள். பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

## கோப்பே உருவாகவில்லை

பிழை எதுவும் வரவில்லை, ஆனால் கோப்பைக் காணோம். கோப்பு எங்கோ இருக்கிறது, நீங்கள் பார்க்கும் இடத்தில் இல்லை. வெறும் பெயரை மட்டும் கொடுத்தால், நிரல் இருக்கும் அடைவில் அல்ல, நிரலை ஓட்டிய அடைவில் போய் உட்காரும். ஓஎஸ் மாட்யூலின் கெட்சிடபிள்யூடி-யை அழைத்து எந்த அடைவு என்று பாருங்கள். முழுப் பாதையைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர், பிழை எண் 2. அடைவு இல்லை. சேவ்டெக்ஸ்ட் கோப்பை உருவாக்கும், அடைவை உருவாக்காது. ஓஎஸ்-இன் மேக்டிர்ஸ் கொண்டு முதலில் அடைவை உருவாக்குங்கள்.

விண்டோஸில் 'இன்வேலிட் ஆர்கியுமென்ட்', பிழை எண் 22. பாதையில் பின்சாய்வுக் கோடு இருக்கிறதா? அதையடுத்து 'என்' அல்லது 'டி' என்ற எழுத்தில் அடைவின் பெயர் தொடங்கினால், பைதான் அதைப் புதுவரியாகவோ டேப்பாகவோ எடுத்துக்கொள்ளும். மேற்கோள் குறிக்கு முன்னால் ஓர் 'ஆர்' சேருங்கள், அல்லது முன்சாய்வுக் கோட்டையே பயன்படுத்துங்கள். விண்டோஸிலும் அது செல்லும்.

பெர்மிஷன்எரர், பிழை எண் 13. அதே கோப்பு எக்செலில் திறந்து கிடக்கிறது. பத்துக்கு ஒன்பது முறை இதுதான். மூடிவிட்டு ஓட்டுங்கள். அப்படியும் வந்தால் அந்த அடைவில் எழுத உங்களுக்கு அனுமதி இல்லை. பொதுக் கணினி என்றால் அதை நிர்வகிப்பவரிடம் கேட்பதுதான் வழி.

பிழை எண் 28 வந்தால் வட்டில் இடமில்லை. பிழை எண் 5 என்றால் விஷயம் வேறு: வட்டையோ அதற்குப் போகும் இணைப்பையோ படிக்க, எழுத முடியவில்லை. அந்த வட்டில் மேற்கொண்டு எதையும் எழுதாதீர்கள். நிரலில் தேடிப் பயனில்லை. கணினி நிர்வாகியைக் கூப்பிடுங்கள்.

## கோப்பின் நடுவே மூன்று புள்ளிகள்

என்னிடம் வருவதில் மிக மோசமானது இது. ஏனென்றால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. பல மணி நேரம் ஓடிய கணக்கின் விடை, முதல் மூன்று எண், புள்ளிகள், கடைசி மூன்று எண் என்று கோப்பில் கிடக்கும்.

காரணம் ஒன்றே. அரேயை எஸ்டிஆர்-ஆல் சரமாக்கி (எழுத்துத் தொடராக்கி) ரைட் மூலம் எழுதியிருக்கிறார்கள், அல்லது பிரின்ட்டின் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். 1000 உறுப்புக்கு மேல் போனால் நம்பை திரையில் காட்டுவதற்காக நடுப்பகுதியைச் சுருக்கிவிடும். சிறிய மாதிரித் தரவில் சோதிக்கும்போது இது தெரியாது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

புள்ளிகள் இல்லாமல், எண்களைச் சுற்றிச் சதுர அடைப்புக்குறிகள் மட்டும் இருந்தாலும் அதே தவறுதான். அதில் இன்னொரு நஷ்டமும் உண்டு: அந்த வழியில் தசமப் புள்ளிக்குப் பின் 8 இலக்கம்தான் இயல்பாக வரும்.

தீர்வு: ரைட் வரியை எடுத்துவிட்டு சேவ்டெக்ஸ்ட் போடுங்கள். செட்_பிரின்ட்ஆப்ஷன்ஸில் 'திரெஷோல்ட்' அளவை உயர்த்தச் சொல்லும் ஆலோசனை அடிக்கடி கண்ணில் படும். புள்ளிகள் போகும், சரி. அடைப்புக்குறியும் இலக்க நஷ்டமும் அப்படியே இருக்கும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

விட்டுப்போன எண்களை அந்தக் கோப்பிலிருந்து மீட்க வழியே இல்லை. பைதான் அமர்வு இன்னும் திறந்திருந்தால் அதை மூடாதீர்கள்! அரே நினைவகத்தில்தான் இருக்கிறது. இப்போதே சரியாகச் சேமித்துவிடுங்கள். மூடிவிட்டீர்கள் என்றால் கணக்கை மறுபடி ஓட்ட வேண்டியதுதான்.

### எண்ணுக்குப் பதிலாக 'என்பி.ஃப்ளோட்64(0.1)'

இதுவும் அதே குடும்பம். நம்பை எண்களை ஒரு பைதான் லிஸ்டில் சேர்த்து, அந்த லிஸ்டைச் சரமாக்கி எழுதினால் நம்பை 2.0 முதல் இப்படித்தான் வரும். பழைய பதிப்பில் நன்றாக ஓடிய நிரல் புதுக் கணினியில் கெட்டுப்போனதாகச் சொல்வார்கள். சேவ்டெக்ஸ்டுக்கு மாறுங்கள். லிஸ்டாகத்தான் வேண்டுமென்றால் அரேயின் டுலிஸ்ட் மெத்தடைப் பயன்படுத்துங்கள், வெறும் பைதான் எண்களாக வரும்.

## திறந்தால் விளங்காத எழுத்துகள்

கோப்பின் தொடக்கத்தில் 'நம்பை' என்ற பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தெரிகிறதா? அப்படியானால் சேவ்டெக்ஸ்டுக்குப் பதில் சேவ் அழைக்கப்பட்டிருக்கிறது. அது பைனரி கோப்பு. தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. லோட் கொண்டு படித்து சேவ்டெக்ஸ்டால் எழுதிக்கொள்ளலாம்.

பெயர் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் டுஃபைல் அழைத்து, 'செப்' கொடுக்காமல் விட்டிருப்பார்கள். அதுவும் பைனரிதான், ஆனால் ஷேப்பும் டிடைப்பும் கோப்பில் இல்லை. இரண்டும் தெரிந்தால் ஃப்ரம்ஃபைல், ரீஷேப் கொண்டு மீட்கலாம். தெரியாவிட்டால் நிரலை எழுதியவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்; ஊகித்தால் ஏதோ ஓர் எண் வரத்தான் செய்யும், அது சரியான எண்தானா என்பதற்கு உத்தரவாதமில்லை.

கோப்பின் பெயர் '.ஜிஇசட்' என்று முடிகிறதா என்றும் பாருங்கள். அப்படி முடிந்தால் சேவ்டெக்ஸ்ட் தானாகவே சுருக்கி எழுதும். அது கோளாறில்லை, உரைக் கோப்பைத் திரும்பப் படிக்கும் லோட்டெக்ஸ்ட் அதை அப்படியே படிக்கும்.

## 'மிஸ்மேட்ச்' என்று தொடங்கும் டைப்எரர்

அரேயின் வகையும் எழுதும் வடிவமும் ஒத்துப்போகவில்லை என்று நம்பை சொல்கிறது. செய்தியிலேயே டிடைப் இருக்கும், அதைப் படியுங்கள்.

அது '<யு' என்று தொடங்கினால் அரேக்குள் எண் இல்லை, சரம் இருக்கிறது. வழக்கமான கதை: பெயர்கள் ஒரு நெடுவரிசை, அளவுகள் இன்னொரு நெடுவரிசை, இரண்டையும் காலம்_ஸ்டாக் போட்டு ஒட்டியிருப்பார்கள். நம்பை அரேக்கு ஒரே வகைதான் இருக்க முடியும் என்பதால் எண்களும் சரமாகிவிடும். அவசரத்துக்கு, எந்த வடிவில் எழுதுவது என்று சேவ்டெக்ஸ்டுக்குச் சொல்லும் எஃப்எம்டி-க்கு '%எஸ்' கொடுத்தால் எழுதிவிடும். ஆனால் சரமும் எண்ணும் கலந்த அட்டவணைக்கு பாண்டாஸ் நூலகத்தின் டு_சிஎஸ்வி-தான் பொருத்தமான கருவி.

டிடைப் 'ஆப்ஜெக்ட்' என்றால் உள்ளே 'நன்' (மதிப்பு இல்லை என்பதற்கான பைதான் சொல்) போல எண்ணல்லாத ஏதோ ஒன்று நுழைந்திருக்கிறது, அல்லது வெவ்வேறு நீளமுள்ள லிஸ்டுகளைச் சேர்த்து அரே ஆக்கியிருக்கிறார்கள். ஆஸ்டைப் கொண்டு ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) மாற்றிப் பாருங்கள். எண்ணாக்க முடியாத சரம் இருந்தால் பிழைச் செய்தியே அதைக் காட்டிக்கொடுக்கும்; 'நன்' மட்டும் பிழையில்லாமல் 'நேன்' (எண் அல்ல என்ற குறி) ஆகிவிடும். நீளம் ஒவ்வாத லிஸ்டுகளை நம்பை 1.24 முதல் அரே ஆக்கும் இடத்திலேயே மறுத்துவிடுகிறது, நல்லது.

## '1டி அல்லது 2டி எதிர்பார்த்தேன்' என்ற வேல்யூஎரர்

உரைக் கோப்பில் வரியும் நெடுவரிசையும்தான் உண்டு, மூன்றாவது பரிமாணத்துக்கு இடமில்லை. முதல் பரிமாணத்தை வைத்துக்கொண்டு மீதியை ரீஷேப்பில் -1 கொடுத்துத் தட்டையாக்குங்கள். பழைய ஷேப்பை ஹெடரில் (கோப்பின் தலைப்பு வரியில்) எழுதி வைக்க மறக்காதீர்கள்; இல்லாவிட்டால் திரும்பப் படிக்கும்போது 4×6-ஆ 6×4-ஆ என்று யாருக்கும் தெரியாது. செய்தியில் '0டி' என்று வந்தால் நீங்கள் கொடுத்தது அரே அல்ல, ஒற்றை எண்.

## வரியும் நெடுவரிசையும் இடம் மாறி வருகின்றன

ஒற்றைப் பரிமாண அரேயைக் கொடுத்தால் வரிக்கு ஓர் எண்ணாக இறங்கும். ஒரே வரியில் வேண்டுமானால் அரேயைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்துக் கொடுங்கள்.

எக்ஸ், ஒய் என்று இரண்டு அரேக்களைச் சாதாரண அடைப்புக்குறிக்குள் சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொன்றும் ஒரு நீண்ட வரியாகும். பக்கத்துப் பக்கத்தில் வேண்டுமென்றால் காலம்_ஸ்டாக் போடுங்கள்.

## எண்கள் மாறிவிட்டன

இங்கே நிதானமாகப் போக வேண்டும். "மாறிவிட்டது" என்று சொல்பவர்கள் ஐந்து வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள்.

### 0.1 கொடுத்தேன், 1.000000000000000056ஈ-01 வந்தது

கோளாறே இல்லை. எஃப்எம்டி கொடுக்காவிட்டால் சேவ்டெக்ஸ்ட் தசமப் புள்ளிக்குப் பின் 18 இலக்கத்தோடு ஈ வடிவில் (10-இன் அடுக்கோடு) எழுதும். 0.1 கணினிக்குள் துல்லியமாக 0.1 அல்ல, அந்தச் சிறு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். பார்க்க உறுத்தினால் எஃப்எம்டி-க்கு '%எஸ்' கொடுங்கள். நம்பை 1.14 முதல், திரும்பப் படித்தால் அதே எண் கிடைக்கக்கூடிய மிகக் குறுகிய வடிவத்தை அது எழுதும்: 0.1 என்றே வரும், துல்லியமும் போகாது.

### எல்லாம் 0.0000

யாரோ எஃப்எம்டி-க்கு '%.4எஃப்' கொடுத்திருக்கிறார்கள், தரவோ 0.00001 அளவில் இருக்கிறது. எஃப் வடிவம் புள்ளிக்குப் பின் எத்தனை இடம் என்று மட்டும்தான் பார்க்கும்; எண் சிறிதா பெரிதா என்று கவலைப்படாது. சிறிய எண்ணும் பெரிய எண்ணும் கலந்திருந்தால் ஜி அல்லது ஈ வடிவத்துக்குப் போங்கள்.

### திரும்பப் படித்தால் கடைசி இலக்கங்கள் வேறு

எத்தனை இலக்கம் எழுதினீர்கள் என்று எண்ணுங்கள். ஃப்ளோட்64 எண் பிசகாமல் திரும்பி வர 17 முக்கிய இலக்கம் வேண்டும். ஃப்ளோட்32-க்கு 9 போதும். அதாவது '%.17ஜி', '%.9ஜி'. எண் எதுவும் கொடுக்காமல் வெறும் '%ஜி' போட்டால் 6 முக்கிய இலக்கம்தான் கிடைக்கும். இது பலருக்குத் தெரிவதில்லை. இயல்பிருப்பு வடிவத்தில் 19 இலக்கம் வருவதால் அங்கே இந்தப் பிரச்சினை எழாது.

ஏற்கெனவே வெட்டி எழுதிய கோப்பிலிருந்து போன இலக்கங்களைத் திரும்ப எடுக்க முடியாது. மூலத் தரவு வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும்.

### முழு எண்கள் ஒன்று கூடவோ குறையவோ வருகின்றன

ஒன்று, ஃப்ளோட் அரேக்கு '%டி' கொடுத்திருக்கிறீர்கள். அது முழுமையாக்காது, வெட்டும்: 2.9999 என்பது 2 ஆகும். முதலில் ரவுண்ட் செய்து இன்ட்டாக மாற்றுங்கள். அரேயில் 'நேன்' இருந்தால் '%டி' வேல்யூஎரரோடு நின்றுவிடும். வெட்டி எழுதுவதை விட அது மேல்.

மற்றது நேர்மாறு: இன்ட்64 அரேக்கு எஃப்எம்டி கொடுக்காமல் விட்டது. இயல்பிருப்பு வடிவம் முழு எண்ணை ஃப்ளோட்டாக்கிவிட்டுத்தான் எழுதும். 2-இன் 53ஆம் அடுக்கு, அதாவது 9007199254740992 வரை சிக்கல் இல்லை. அதைத் தாண்டினால் 9007199254740993 கொடுத்தாலும் ...992 என்று எழுதும். நீண்ட அடையாள எண்களைச் சேமிக்கிறவர்கள் கட்டாயம் '%டி' போடுங்கள்.

### எக்செலில் மட்டும் மாறித் தெரிகிறது

எக்செல் 15 முக்கிய இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. பார்த்துவிட்டு மூடினால் கோப்புக்கு ஆபத்தில்லை. சேமித்தால் திரையில் தெரிந்த வடிவத்திலேயே கோப்பு மாறிவிடும். எக்செலுக்குக் கொடுப்பதற்கென்று தனிப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா எண்ணும் ஒரே கட்டத்தில் குவிந்திருந்தால் டிலிமிட்டரை (எண்களைப் பிரிக்கும் குறியை) காற்புள்ளியாக்குங்கள், இயல்பாக அது வெற்றிடம். அப்படியும் பிரியாவிட்டால் அந்தக் கணினி தசமத்துக்கே காற்புள்ளி பயன்படுத்தும் அமைப்பில் இருக்கலாம். அப்போது அரைப்புள்ளி கொடுத்துப் பாருங்கள்.

## ஹெடர் தகராறுகள்

தலைப்பு வரிக்கு முன்னால் '#' வருகிறது என்றால், சேவ்டெக்ஸ்ட் வேண்டுமென்றேதான் போடுகிறது: லோட்டெக்ஸ்ட் அந்த வரியைத் தாண்டிப் போவதற்காக. மற்ற மென்பொருளுக்கு அது வேண்டாமென்றால் 'காமென்ட்ஸ்'-க்கு வெற்றுச் சரம் கொடுங்கள். அதன்பின் நீங்களே படிக்கும்போது 'ஸ்கிப்ரோஸ்' 1 என்று சொல்ல வேண்டும்.

ஹெடரில் தமிழ் எழுதினால் சில கணினிகளில் ஓடும், சிலவற்றில் யுனிகோட்என்கோட்எரர் வரும். 'என்கோடிங்'-ஐ யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். எக்செலில் தமிழ் குதறலாகத் தெரிந்தால் 'யுடிஎஃப்-8-சிக்' கொடுத்துப் பாருங்கள்.

## பழைய தரவு அழிந்தது, அல்லது கோப்பு பாதியில் நிற்கிறது

சுழற்சிக்குள் சேவ்டெக்ஸ்டுக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் கோப்பைப் புதிதாகத் தொடங்கும். கடைசிச் சுற்று மட்டும் மிஞ்சும். சுழற்சிக்கு வெளியே 'வித்' கொண்டு கோப்பைத் திறந்து, பெயருக்குப் பதில் அந்தத் திறந்த கோப்பையே கொடுங்கள். முந்தைய ஓட்டத்தின் தரவும் இருக்க வேண்டுமென்றால் 'ஏ' முறையில் திறக்க வேண்டும். 1.14-க்கு முந்தைய நம்பை என்றால் 'ஏபி' முறை தேவைப்படும்.

கோப்பு காலியாகவோ, கடைசி வரி பாதியில் அறுந்தோ இருந்தால், முதலில் கோப்பை மூடினீர்களா என்று பாருங்கள். 'வித்' இல்லாமல் திறந்து மூடாமல் விட்டால் கடைசித் துண்டு இடைநினைவகத்திலேயே தங்கியிருக்கும். நோட்புக்கில் வேலை செய்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அடுத்து, ஓட்டம் நடுவில் நிறுத்தப்பட்டதா? கோப்பின் வரி எண்ணிக்கையை ஷேப்பின் முதல் எண்ணோடு ஒப்பிட்டால் எங்கே நின்றது என்று தெரியும். நீண்ட ஓட்டங்களில் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் எழுதிய பிறகு ஓஎஸ்-இன் ரீப்ளேஸ் கொண்டு பெயரை மாற்றுங்கள். அப்போது பாதிக் கோப்பு முழுக் கோப்பு வேடத்தில் உலவாது.

வரிகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்திருந்தால் பல புராசஸ்கள் ஒரே கோப்பில் எழுதுகின்றன. ஆளுக்கொரு கோப்பில் எழுதவிட்டுப் பிறகு சேருங்கள். ஏற்கெனவே கலந்துவிட்ட கோப்பைக் கையால் பிரிக்க உட்காராதீர்கள்.

ஒரு வரி விட்டு ஒரு வரி காலியாக வந்தால், விண்டோஸில் சிஎஸ்வி மாட்யூலால் எழுதியிருக்கிறீர்கள். கோப்பைத் திறக்கும் இடத்தில் 'நியூலைன்'-க்கு வெற்றுச் சரம் கொடுங்கள்.

## எழுதியதை லோட்டெக்ஸ்ட் படிக்க மறுக்கிறது

'சரத்தை ஃப்ளோட்டாக மாற்ற முடியவில்லை' என்ற செய்தியில் அந்தச் சரமே மேற்கோளுக்குள் இருக்கும். அதற்குள் காற்புள்ளிகள் தெரிந்தால், எழுதும்போது கொடுத்த டிலிமிட்டரைப் படிக்கும்போது கொடுக்கவில்லை. சொற்கள் தெரிந்தால் ஹெடர் வரி. முதல் எண்ணுக்கு முன்னால் 'எஃப்இஎஃப்எஃப்' என்று ஏதோ ஒட்டியிருந்தால் எக்செல் வழியாக வந்த கோப்பு. 'யுடிஎஃப்-8-சிக்' கொடுத்துப் படியுங்கள். வெற்றுச் சரம் என்றால் விடுபட்ட மதிப்பு. லோட்டெக்ஸ்ட் அதைச் சமாளிக்காது. ஜென்ஃப்ரம்டெக்ஸ்ட் அந்த இடத்தில் 'நேன்' வைத்துப் படிக்கும். இந்தச் செய்தியில் வரிகளை 0-இலிருந்தும் நெடுவரிசைகளை 1-இலிருந்தும் எண்ணுகிறார்கள், தேடும்போது அதை மனதில் வையுங்கள்.

நெடுவரிசை எண்ணிக்கை மாறியது என்ற செய்தி வந்தால் பாதியில் அறுந்த வரிதான் காரணமாக இருக்கும். மேலே உள்ள பகுதிக்குப் போங்கள்.

பிழையே இல்லாமல் படித்து, ஒரே ஒரு வரி உள்ள கோப்பு ஒற்றைப் பரிமாணமாக வந்தால் 'என்டிமின்'-க்கு 2 கொடுங்கள்.

## கோப்பு மிகப் பெரிது, அல்லது மிக மெதுவு

இயல்பிருப்பு வடிவத்தில் ஒரு நேர்மறை எண்ணுக்கு 24 எழுத்து, கூட ஒரு பிரிப்பு. நினைவகத்தில் அதே ஃப்ளோட்64 எண் 8 பைட்தான். 10 லட்சம் வரி, 10 நெடுவரிசை என்றால் உரையில் ஏறத்தாழ 250 மெகாபைட், சேவ் கொண்டு எழுதும் பைனரியில் 80. இலக்கங்களைக் குறைப்பது முதல் வழி, அதுவும் தேவையற்ற இலக்கங்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். பெயரில் '.ஜிஇசட்' சேர்ப்பது இரண்டாவது. இடம் மிச்சமாகும், நேரம் மிச்சமாகாது. சேவ்டெக்ஸ்ட் வரிவரியாக பைதானிலேயே வடிவமைத்து எழுதுவதால் அதன் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு.

படிப்பது மட்டும் மெதுவென்றால் நம்பையின் பதிப்பைப் பாருங்கள். 1.23-இல் லோட்டெக்ஸ்டை சி மொழியில் திரும்ப எழுதியிருக்கிறார்கள், பழையதிலிருந்து மாறினால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இதையெல்லாம் செய்தும் போதவில்லை என்றால் உரைக் கோப்பு உங்கள் வேலைக்கு ஏற்றதல்ல. சேவ் அல்லது எச்டிஎஃப்5 (பெரிய தரவுக்கான பைனரி கோப்பு வடிவம்) பக்கம் போங்கள். பலர் சேர்ந்து படிக்கும் தரவு, பல ஜிகாபைட், பகுதி பகுதியாக எடுக்க வேண்டும் என்று தேவை விரிந்தால், தரவுச் சேமிப்பு தெரிந்த ஒருவரை வடிவமைப்பின்போதே கூப்பிட்டுவிடுங்கள். கோப்புகள் ஆயிரக்கணக்கில் குவிந்த பிறகு கூப்பிட்டால் அவருக்கும் மாற்றி எழுதும் வேலைதான் மிஞ்சும்.

## இங்கே உள்ள எதிலும் அடங்கவில்லை

மூன்று வரி, மூன்று நெடுவரிசை கொண்ட ஒரு சிறு அரேயை எழுதி, உடனே திரும்பப் படித்து, அரே_ஈக்வல் கொண்டு ஒப்பிடுங்கள். 'நேன்' இருந்தால் 'ஈக்வல்_நேன்'-ஐ ட்ரூ ஆக்குங்கள். சிறு அரேயில் சரியாக வந்தால் கோளாறு உங்கள் தரவில் இருக்கிறது. அரேயைப் பாதி பாதியாக வெட்டி எழுதிப் பார்த்தால் எந்த வரி என்று சிக்கிவிடும். சிறு அரேயிலேயே தவறினால் யாரிடமும் கொண்டுபோகலாம். போகும்போது நம்பை, பைதான் பதிப்பு எண்கள், அந்தச் சிறு நிரல், முழுப் பிழைச் செய்தி, கோப்பின் முதல் சில வரிகள் இவற்றை உரையாகவே அனுப்புங்கள். திரையைப் படம்பிடித்து அனுப்பினால் டேப்பையும் வெற்றிடத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது.